அம்பாசிடர்ல டெல்கோ மாட்டி டைமிங் வைக்கிறது எப்படி: நாலு நாள் மண்டைய உடைச்சவன் எழுதுறது

முதல்லயே சொல்லிடுறேன், நான் மெக்கானிக் இல்ல. அப்பா வாங்கின 1986 மாடல் மார்க் 4 அம்பாசிடர் பெட்ரோல் வண்டி வீட்ல நிக்குது. ஆர்சி புதுப்பிக்கிற நேரம் வந்துச்சு, புகை டெஸ்ட்ல ஃபெயில், "மிஸ்ஸிங் இருக்கு சார், பாத்துட்டு வாங்க"ன்னு, அதாவது ஏதோ சிலிண்டர் ஒழுங்கா எரியலன்னு, திருப்பி அனுப்பிட்டாங்க. சரி டிஸ்ட்ரிபியூட்டர (பிளக்குக்கு வரிசையா கரண்ட் பிரிச்சு அனுப்புற டப்பா) கழட்டி சுத்தம் பண்ணி, அதுக்குள்ள திறந்து மூடி கரண்ட வெட்டுற பாயிண்ட்ட புதுசா போட்டு மாட்டிடலாம், ஒரு மணி நேர வேலைன்னு சனிக்கிழமை காலைல காபி குடிச்சுட்டு ஆரம்பிச்சேன், செவ்வாய்க்கிழமை ராத்திரி தான் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. நான் எங்கெங்க சறுக்கினேனோ அங்க நீங்க சறுக்க வேணாம்னு தான் இத எழுதுறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர நம்ம ஊர்ல எந்த பட்டறைக்கு போனாலும் டெல்கோன்னு தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். டைமிங்னா பிஸ்டன் எங்க இருக்கும்போது பிளக்ல பொறி வரணும்கிற கணக்கு. இது 1489 சிசி பழைய பிஎம்சி பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். 1.8 இசுசு இன்ஜின் போட்ட அம்பாசிடர் வேற கணக்கு. பிரீமியர் பத்மினி கார் வெச்சிருக்கவங்க முறைய எடுத்துக்கலாம், ஆனா அளவையும் ரோட்டார் சுத்துற திசையையும் உங்க வண்டில பாத்துக்கோங்க. டீசல் அம்பாசிடர்காரங்க சிரிச்சுட்டு போகலாம், உங்களுக்கு டெல்கோவே கிடையாது.

1. கழட்டுறதுக்கு முன்னாடி: பேப்பர், செலவு, நேரம்

ஆர்சி தேதிய மொதல்ல பாருங்க. சொந்த உபயோக காருக்கு ஆர்சி 15 வருஷம், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை படிவம் 25 போட்டு புதுப்பிக்கணும், தேதி முடியறதுக்கு 60 நாளைக்குள்ள தான் விண்ணப்பம் போட முடியும். என் வண்டிக்கு 2001, 2006ன்னு போய் இப்ப 2026. ஃபீஸ் 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5000 ஆச்சு, 20 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு 2025 ஆகஸ்ட்ல அத 10,000 ஆக்கிட்டாங்க. இவ்ளோ காசு கட்டிட்டு இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு வண்டி புடுபுடுன்னு நின்னா எப்படி இருக்கும்னு யோசிங்க, அதனால தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே இந்த வேலைய முடிச்சுடுங்க.

புகை சர்டிபிகேட் நம்ம மாதிரி பழைய வண்டிக்கு ஆறு மாசம் தான். பழைய பெட்ரோல் காருக்கு ஐடில்ல (ஆக்சிலரேட்டர மிதிக்காம ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் தான் லிமிட். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலே எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியா வெளிய போகும், ரெண்டாவது நம்பர் எகிறிடும். எனக்கு ஃபெயில் ஆனது அதுல தான்.

செலவு, எனக்கு ஆனத சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும். சிபி பாயிண்ட் (மேல சொன்ன அதே பாயிண்ட்) செட் 280, கண்டன்சர் (பாயிண்ட் முனை கருகாம காக்கிறது) 120, ரோட்டார் (டெல்கோக்குள்ள சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் குடுக்கிறது) 150, டெல்கோ மூடி 450, பிளக் நாலு சேத்து 600, பிளக் வயர் மீட்டர் கணக்குல வாங்குனது 350. ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) 200. டெஸ்ட் லேம்ப் கடைல வாங்கல, பழைய இண்டிகேட்டர் பல்பு ஹோல்டர்ல ரெண்டு வயர் ஒட்டி நானே செஞ்சேன். ஏறக்குறைய 2150. இதுல தப்பா வாங்கி தூக்கி போட்ட ரோட்டார் காச சேக்கல.

சாமான் எங்க கிடைக்கும்னா, சென்னைக்காரங்களுக்கு புது சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்கு புதுப்பேட்டை. நான் திருச்சி, எனக்கு சென்னைல இருந்து ஆம்னி பஸ் பார்சல்ல தான் பாதி வந்துச்சு. எங்க வாங்கினாலும் பழைய பீஸ கைல எடுத்துட்டு போங்க, இல்லன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க. "அம்பாசிடர் பாயிண்ட்"னு வாயால சொன்னா கைக்கு வந்தத குடுப்பாங்க. பில் கேளுங்க, துண்டு சீட்டா இருந்தாலும் பரவால்ல, கரண்ட் சாமான எந்தக் கடையும் சும்மா திரும்ப எடுக்காது.

நேரம்? தெரிஞ்சவன் செஞ்சா ரெண்டு மணி நேரம், முதல் தடவைன்னா ஒரு முழு நாள் ஒதுக்குங்க. சாயங்காலம் ஆரம்பிக்காதீங்க.

2. போட்டோ எடுங்க, அப்புறம் கைய வைங்க

நான் செஞ்ச முதல் தப்பு இங்க தான். பிளக் வயர் நாலையும் உருவி கீழ போட்டேன், எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும்னு நெனப்பு. ஒரு மணி நேரத்துல மறந்து போச்சு.

மூடிய தொடறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ. ஒவ்வொரு வயர்லயும் வெள்ளை டேப் சுத்தி 1, 2, 3, 4ன்னு எழுதுங்க. 1ன்னா ரேடியேட்டர் பக்கம் இருக்கிற சிலிண்டர், அங்க இருந்து டிரைவர் பக்கமா எண்ணிக்கிட்டே வாங்க. பேட்டரி எர்த் வயர கழட்டுங்க.

கிளிப் ரெண்டையும் தள்ளி மூடிய எடுத்துட்டு ரோட்டார் எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குதுன்னு டெல்கோ பாடிலயும் இன்ஜின் பிளாக்லயும் ஒரு கோடு போடுங்க. நெயில் பாலிஷ் நல்லா ஒட்டும். வீட்ல கேட்டுட்டு எடுங்க.

3. எந்த போல்ட்ட கழட்டணும், எத தொடவே கூடாது

டெல்கோ கழுத்துல ஒரு பிளேட் இருக்கும். அந்த பிளேட்ட இன்ஜினோட பிடிக்கிறது ரெண்டு போல்ட், பிளேட்ட டெல்கோ கழுத்தோட இறுக்கி பிடிக்கிறது தனியா ஒரு சின்ன போல்ட். இன்ஜின் பக்கம் இருக்கிற ரெண்டை மட்டும் கழட்டினா டெல்கோ பிளேட்டோட சேந்து அப்படியே மேல வந்துடும், திரும்ப மாட்டும்போது பழைய டைமிங் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நான் அந்த சின்ன போல்ட்ட தான் லூஸ் பண்ணேன். அதோட இருந்த டைமிங் போச்சு.

டெல்கோ உக்காந்திருக்கிற ஹவுசிங்க ஒரு ஸ்க்ரூ பிடிச்சிருக்கும், அத கழட்டாதீங்க. அதுக்கு உள்ள தான் கேம் ஷாஃப்ட்ல இருந்து சுத்துற டிரைவ் ஷாஃப்ட் இருக்கு. டெல்கோ அடில இருக்கிற நாக்கு நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி இருக்கும், டிரைவ் ஷாஃப்ட் காடியும் அதே மாதிரி, அதனால டெல்கோவ தலைகீழா மாட்ட முடியாது, ஒரே ஒரு வழில தான் உள்ள உக்காரும். "நூத்தி எம்பது டிகிரி மாறிப் போச்சு"ன்னு யாராச்சும் சொன்னா ஒண்ணு டிரைவ் ஷாஃப்ட்ட யாரோ உருவி தப்பா போட்டிருக்காங்க, இல்ல வயர் மாறியிருக்கு.

உங்களுக்கு முன்னாடி வண்டிய வெச்சிருந்த புண்ணியவான் உருவியிருந்தா? முதல் சிலிண்டர கம்ப்ரஷன்ல உச்சிக்கு கொண்டு வந்துட்டு (எப்படின்னு 7ல இருக்கு) டிரைவ் ஷாஃப்ட்ட இறக்கும்போது காடி படுக்கை வசத்துக்கு கொஞ்சம் கீழ சாஞ்சு, பெரிய பாதி மேல இருக்கணும். பல்லு சேந்து உள்ள இறங்கும்போது இடது பக்கமா சுத்தி கடிகாரத்துல ஒரு மணி காட்டுற இடத்துல வந்து நிக்கும். உருவவும் இறக்கவும் 5/16 இன்ச் யுஎன்எஃப் மரை போட்ட நீள போல்ட் ஒண்ண உள்ள முறுக்கி கைப்பிடி மாதிரி பிடிச்சுக்கலாம். ஆனா முதல் தடவை செய்றவங்க இந்தப் பக்கமே போகாதீங்க.

4. வெளிய எடுத்த டெல்கோவ சோதிக்கிறது

புது பாயிண்ட் வாங்கி போட்டுட்டா போதும்னு நெனச்சு தான் நானும் இருந்தேன். எங்க தெருவுல ரிட்டயர் ஆன லாரி மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், எல்லாருக்கும் மாமா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாக்கிங் போனவர் நின்னு பாத்துட்டு, "தம்பி, ஷாஃப்ட்ட ஆட்டிப் பாத்தியா?"ன்னார். பாக்கல.

ஷாஃப்ட்ட பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. நல்லா ஆடுதுன்னா ஷாஃப்ட்ட தாங்குற புஷ் போச்சு, அப்படின்னா நீங்க எவ்ளோ அழகா பாயிண்ட் கேப் (பாயிண்ட் திறக்கும்போது இருக்கிற இடைவெளி) வெச்சாலும் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டைமிங்ல தான் கரண்ட் போகும். கடைசல் பட்டறைல புஷ் போட்டு தருவாங்க. என்னோடது லேசா ஆடுச்சு, "இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்"னு மாமா விட்டுட்டார்.

அடுத்து, ரோட்டார சுத்துற பக்கமா லேசா திருகி விடுங்க, ஸ்பிரிங் இழுத்து பழைய இடத்துக்கு திரும்பணும். திரும்பலன்னா அடில இருக்கிற வெயிட் ரெண்டும் துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கு, பெட்ரோல்ல கழுவி ரெண்டு சொட்டு ஆயில் விடுங்க. டெல்கோ பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற வேக்குவம் டப்பா குழாய்ல வாய வெச்சு உறிஞ்சிப் பாருங்க, உள்ள பிளேட் நகரணும், நாக்க வெச்சு அடைச்சா அப்படியே நிக்கணும். நகரலன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. வண்டி ஓடும், பெட்ரோல் கொஞ்சம் கூட குடிக்கும்.

பிளேட்டுக்கு எர்த் குடுக்கிற சின்ன பின்னல் வயர் ஒண்ணு உள்ள இருக்கும், நூல் மாதிரி. அது பாதி அறுந்திருந்தா வண்டி ஒரு நாள் ஓடும் ஒரு நாள் ஓடாது, காரணமே தெரியாது.

மூடிய வெயில்ல பிடிச்சு உள்பக்கம் பாருங்க. பென்சில் கோடு மாதிரி மெல்லிசா கருப்பா ஒரு கோடு ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு போச்சுன்னா அந்த வழியா கரண்ட் கசியுது, மூடிய மாத்துங்க. நடுவுல இருக்கிற கார்பன் முனை ஸ்பிரிங்கோட உள்ள போய் வரணும்.

5. சிபி பாயிண்ட் மாட்டுறது, எனக்கு ரெண்டு நாள் போன இடம்

பழைய ஸ்க்ரூ ரெண்டையும் எடுக்கும்போது டெல்கோவுக்கு அடில ஒரு வெள்ளை துணிய விரிச்சுக்கோங்க, அதுல இருக்கிற வாஷர் எல்லாம் கடுகு உளுந்து சைஸ் தான்.

அந்த வாஷர்ல தான் கதையே இருக்கு. பாயிண்ட்டோட ஸ்பிரிங் போய் உக்கார்ற கம்பத்துல ஒரு ஃபைபர் வாஷர், ஒரு பிளாஸ்டிக் புஷ். காயில்ல (பேட்டரி கரண்ட பொறி வர்ற அளவுக்கு பெருசாக்குறது) இருந்து வர்ற வயரும் கண்டன்சர் வயரும் ஸ்பிரிங்க தொடணும், ஆனா இவங்க மூணு பேரும் கம்பத்தையும் நட்டையும் தொடக் கூடாது. கம்பம் எர்த். தொட்டுட்டா பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் கரண்ட் எர்த்துக்கு போய்க்கிட்டே இருக்கும், பிளக்ல பொறியே வராது. வரிசை இது தான்: அடில ஃபைபர் வாஷர், மேல ஸ்பிரிங், அதுக்கு மேல ரெண்டு வயரோட கண்ணு, அதுக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் புஷ், அதோட குழல் பாகம் வயர் கண்ணுக்குள்ள இறங்கி உக்காரணும், கடைசில நட்.

நான் புஷ்ஷ கீழயும் வயர மேலயும் போட்டு நட்ட இறுக்கிட்டேன். ஞாயிறு முழுக்க பொறி இல்ல. காயில் போச்சோன்னு காயில மாத்தினேன், அதுவும் இல்ல. திங்கக்கிழமை ஆபீஸ்ல இருந்தப்பவும் இதே நெனப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்து பல்பு வெச்சு பாக்கும்போது தான் தெரிஞ்சுது, பாயிண்ட்டுக்கு நடுவுல அட்டைய சொருகி திறந்து வெச்சாலும் பல்பு எரியல. நட்ட லூஸ் பண்ண உடனே பளிச்சுன்னு எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துல மூஞ்சிய தொடச்சுக்கிட்டு சிரிச்சேன், வேற என்ன பண்றது.

இப்ப ஒரே பீஸா வர்ற பாயிண்ட்டும் கிடைக்குது, அதுல இந்த வாஷர் தலைவலி கம்மி. கிடைச்சா அதையே வாங்குங்க.

புது பாயிண்ட் முனைல துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு இருக்கும், பெட்ரோல் நனைச்ச துணில தொடச்சுட்டு மாட்டுங்க, அத தொடைக்காம போட்டு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு அலையறவங்க நெறைய. கேம் (பாயிண்ட்ட தள்ளி திறக்கிற ஷாஃப்ட் மேடு) மேல துளி கிரீஸ், ரோட்டார எடுத்தா தெரியிற ஸ்க்ரூ தலைல ரெண்டு சொட்டு ஆயில், அவ்ளோ தான், கூட விட்டா தெறிச்சு பாயிண்ட்ல படும். பழைய கண்டன்சர தூக்கி போடாதீங்க. புதுசா வர்ற கண்டன்சர்ல பாதி ரொம்ப நாள் நிக்குறதில்ல, பழசு நல்லா இருந்தா டேஷ் போர்டுல போட்டு வைங்க.

6. கேப் வைக்கிறது, டைமிங்குக்கு முன்னாடி

இந்த வரிசைய மாத்தாதீங்க. பாயிண்ட் கேப் பெருசா இருந்தா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னாடி போகும். சின்னதா இருந்தா லேட்டா திறக்கும், டைமிங் பின்னாடி போகும். டைமிங் வெச்சதுக்கு அப்புறம் கேப்ப தொட்டீங்கன்னா செஞ்ச வேலை வீண். டேப்பெட் (வால்வு இடைவெளி) சரி பண்ணணும்னாலும் இப்பவே பண்ணிடுங்க.

சுத்தம் பண்ணின டெல்கோவ இன்ஜின்ல திரும்ப இறக்குங்க, அடி நாக்கு காடில டக்குன்னு உக்கார்ற வரைக்கும் ரோட்டார லேசா திருப்பிக்கிட்டே அமுக்கணும். பிளக் நாலையும் கழட்டிடுங்க, இன்ஜின் லேசா சுத்தும். பாயிண்ட்டோட குதி (கேம்ல உரசுற பாகம்) கேம் முனையோட உச்சில நிக்கிற வரைக்கும் இன்ஜின சுத்துங்க, முன்னாடி ஹேண்டில் போட்டு சுத்தலாம், இல்ல நாலாவது கியர்ல போட்டு வண்டிய தள்ளலாம். அங்க வெச்சு கேப் 14ல இருந்து 16 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.35ல இருந்து 0.40 மிமீ. நான் 15 வெச்சேன். ஃபில்லர் கேஜ் லேசா உரசிக்கிட்டு போகணும், தள்ளிக்கிட்டு போகக் கூடாது. ஸ்க்ரூவ இறுக்கினதும் மறுபடி அளங்க, இறுக்கும்போது கண்டிப்பா நகரும், எனக்கு நாலு தடவை நகந்துச்சு.

பிளக் கேப் 25 தௌ.

7. முதல் சிலிண்டர சரியான இடத்துக்கு கொண்டு வர்றது

ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்ல பொறி வர்ற வரிசை, 1-3-4-2. ரோட்டார் மேல இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்த்திசைல சுத்தும். இந்த ரெண்டையும் பேப்பர்ல எழுதி கண்ணாடில ஒட்டி வைங்க.

பிஸ்டன் ரெண்டு தடவை மேல வரும், ஒண்ணு கம்ப்ரஷன், ஒண்ணு புகைய வெளிய தள்ளுறது. நமக்கு வேணும்கிறது கம்ப்ரஷன். முதல் பிளக் ஓட்டைல பெருவிரல வெச்சு அடைச்சுக்கிட்டு யாரையாவது இன்ஜின மெதுவா சுத்த சொல்லுங்க, காத்து விரல தள்ளிக்கிட்டு வெளிய வந்தா அது தான். ராக்கர் கவர் திறந்திருந்தா இன்னும் சுலபம், நாலாவது சிலிண்டர் வால்வு ரெண்டும் ஒண்ணு மூடி ஒண்ணு திறக்கிற ஆட்டத்துல இருந்தா முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சில இருக்குன்னு அர்த்தம்.

இப்ப இன்ஜின் முன்னாடி அடில பெல்ட் ஓடுற கிராங்க் புல்லில ஒரு வெட்டு இருக்கும், டைமிங் கவர்ல பல்லு மாதிரி மூணு முனை. நீளமான பல்லு உச்சி, மத்த ரெண்டும் உச்சிக்கு 5, 10 டிகிரி முன்னாடி. என் வண்டில இது புல்லிக்கு கீழ இருக்கு, மேல இருந்து குனிஞ்சு எவ்ளோ பாத்தாலும் தெரியாது, "என் வண்டில மார்க்கே இல்ல"ன்னு நான் அரை நாள் ஏமாந்தேன். வண்டிக்கு அடில படுத்து, முப்பது வருஷ ஆயில் சேற்ற சுரண்டினா வெளிய வருது. வெட்டுலயும் பல்லுலயும் சுண்ணாம்பு தடவுங்க, வெத்தலைக்கு போடுற அதே சுண்ணாம்பு, டார்ச் அடிச்சா பளிச்சுன்னு தெரியும். ஜாக்கிய மட்டும் நம்பி அடில போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

எந்த டிகிரின்னா, உங்க வண்டி மேனுவல் சொல்றது தான். நான் 5 டிகிரி பல்லுல ஆரம்பிச்சு மீதிய ரோட்ல பாத்துக்கிட்டேன். முக்கியமா, இன்ஜின எப்பவும் அது சுத்துற திசைல தான் மார்க்குக்கு கொண்டு வரணும். தாண்டிப் போச்சுன்னா பின்னாடி திருப்பி அப்படியே நிறுத்தாதீங்க, நல்லா பின்னாடி போய் மறுபடி முன்னாடி வாங்க, செயின்லயும் பல்லுலயும் இருக்கிற ஆட்டம் டிகிரிக்கணக்குல ஏமாத்திடும்.

8. பல்பு வெச்சு டைமிங்

டெல்கோல வேக்குவம் டப்பா பக்கம் ஒரு சின்ன பல் பல்லான திருகு இருக்கும். ஏ, ஆர்னு எழுத்தோட அம்பு போட்டிருக்கும், "ஏ"ன்னா அட்வான்ஸ் (பொறி முன்னாடியே வர்றது), "ஆர்"னா ரிட்டார்ட் (லேட்டா வர்றது). அத நடுவுல கொண்டு வந்து வைங்க. கடைசில நுணுக்கமா திருப்புறதுக்கு ரெண்டு பக்கமும் இடம் இருக்கணும்.

காயில்ல இருந்து டெல்கோவுக்கு வர்ற வயர் முனைல டெஸ்ட் லேம்ப்போட ஒரு வயர், இன்னொண்ண எர்த்ல. பேட்டரிய மாட்டி சாவிய ஆன் பண்ணுங்க. பாயிண்ட் மூடியிருந்தா பல்பு அணைஞ்சிருக்கும், திறந்தா எரியும்.

கழுத்து போல்ட்ட லேசா லூஸ் பண்ணுங்க, டெல்கோ கைல இறுக்கமா திரும்புற அளவுக்கு. பாடிய கடிகாரத்துக்கு எதிர்த்திசைல திருப்புங்க, பல்பு அணையும். இப்ப மெதுவா, ரொம்ப மெதுவா, கடிகார திசைல திருப்பிக்கிட்டே வாங்க, பல்பு சட்டுன்னு எரியிற அந்த நொடில நிறுத்துங்க. ரோட்டார விரலால பின்பக்கமா லேசா அழுத்திக்கிட்டா உள்ள இருக்கிற ஆட்டம் எடுபடும். போல்ட்ட இறுக்குங்க. இறுக்கினதுக்கு அப்புறம் இன்ஜின முழுசா ரெண்டு சுத்து சுத்தி மறுபடி மார்க் வரும்போது பல்பு எரியுதான்னு பாருங்க. ரெண்டாவது சோதனைல மாறுச்சுன்னா இறுக்கும்போது கை நகந்திருக்கு, திரும்ப செய்ங்க. கழுத்து போல்ட்ட மல்லுக்கட்டி இறுக்காதீங்க, பிளேட் வளைஞ்சுடும்.

சாவிய ஆன்லயே விட்டுட்டு டீ குடிக்க போகாதீங்க. பாயிண்ட் மூடின நிலைல காயில் வழியா கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும், காயில் சுட்டு பாழாகும்.

காயில்ல எந்த வயர் எதுல? பழைய காயில்ல எஸ்டபிள்யூ, சிபின்னு இருக்கும். சாவில இருந்து வர்றது எஸ்டபிள்யூ, டெல்கோவுக்கு போறது சிபி. பிளஸ் மைனஸ்னு போட்டிருந்தா நெகட்டிவ் எர்த் வண்டில மைனஸ் தான் டெல்கோவுக்கு. மாத்தி குடுத்தாலும் வண்டி ஓடும், ஆனா பொறி சோகையா இருக்கும்.

9. ரோட்டார், மூடி, வயர்

மார்க்ல நிக்கும்போது ரோட்டாரோட பித்தளை எந்தப் பக்கம் பாக்குதோ, மூடில அந்த முனை தான் 1. அங்க இருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசைல 3, 4, 2. கடிகார திசைல 1-3-4-2ன்னு மாட்டினா 3க்கும் 2க்கும் இடம் மாறிடும், ரெண்டு சிலிண்டர்ல மட்டும் பொறி சரியான நேரத்துக்கு வரும், கார்ப்பரேட்டர் வழியா "டப்"புன்னு அடிக்கும்.

பக்கவாட்டுல வயர் போற பழைய டைப் மூடில வயர பிடிக்கிறது உள்ள இருந்து முறுக்குற கூர் ஸ்க்ரூ. அது வயருக்குள்ள குத்தி செம்புக் கம்பிய தொடணும். புது கார்பன் வயர் இதுக்கு ஆகாது, செம்பு வயரே கேட்டு வாங்குங்க.

ரோட்டார் பத்தி ஒரு வார்த்தை. ரிவெட் அடிச்ச மட்டமான ரோட்டார் சிலது, கரண்ட அந்த ரிவெட் வழியா ஷாஃப்ட்டுக்கே இறக்கிடும், பாக்க புதுசா தான் இருக்கும். ஒரு கடைல எனக்கு குடுத்தது அப்படித்தான், "ஒரிஜினல் சார்"னு சத்தியம் பண்ணி குடுத்தாங்க. சோதிக்க, மூடி நடுவுல வர்ற தடி வயர உருவி அது முனைய ரோட்டார் பித்தளைக்கு மூணு மிமீ தூரத்துல பிளாஸ்டிக் பிடி போட்ட குறடால பிடிச்சுக்கிட்டு, சாவி ஆன்ல பாயிண்ட்ட ஸ்க்ரூ டிரைவரால திறந்து திறந்து விடுங்க. ஒவ்வொரு தடவையும் ரோட்டாருக்கு பொறி தாவுச்சுன்னா கசியுது, தூக்கி போடுங்க. வெறும் கைல பிடிச்சு பாக்காதீங்க, நான் பிடிச்சேன், தோள்பட்டை வரைக்கும் போச்சு.

10. ஸ்டார்ட் பண்றது

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி, மாமா பக்கத்துல நின்னார். செல்ஃப்ல ரெண்டு சுத்து, பிடிச்சுக்கிச்சு. "ஏற விடாத, அப்படியே ஓடட்டும்"னார்.

பேட்டரி இறங்கி ஹேண்டில் போடுற நிலைமை வந்தா பெருவிரல மத்த விரலோட ஒரே பக்கமா வெச்சு, கீழ இருந்து மேல இழுங்க, ஒரு போதும் மேல இருந்து கீழ அமுக்காதீங்க. டைமிங் ரொம்ப அட்வான்ஸா இருந்தா ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு உடையும்.

சூடான பிறகு, டைமிங் லைட் கிடைச்சா வேக்குவம் குழாய கழட்டி அடைச்சுட்டு, ஐடில்ல முதல் சிலிண்டர் வயர்ல மாட்டி பாருங்க. பல்பு வெச்சு வெச்சத விட ரெண்டு மூணு டிகிரி கூட காட்டினா பதறாதீங்க. வேட்டி, லுங்கி, துண்டோட ஓடுற ஃபேன் பக்கம் குனியாதீங்க.

11. ரோட்ல ஃபைனல்

டாப் கியர், 50 கிமீ வேகம், லேசான ஏத்தம், ஆக்சிலரேட்டர முழுசா மிதிங்க. நான் பாலம் ஏறுற இடத்துல பாத்தேன். கண்ணாடி கோலிய டப்பாவுல போட்டு குலுக்கின மாதிரி சத்தம் ஒரு செகண்ட் வந்துட்டு போனா ரொம்ப சரி. நிக்காம வந்தா அட்வான்ஸ் அதிகம், ஆர் பக்கம் திருப்புங்க. சத்தமே இல்ல, ஆனா இழுவையும் இல்ல, டெம்பரேச்சர் முள்ளு ஏறுதுன்னா லேட், ஏ பக்கம் திருப்புங்க. அந்த சின்ன திருகுல 11 கிளிக் சேந்தா ஒரு டிகிரி, ஒரு தடவைக்கு 11 கிளிக்குக்கு மேல போகாதீங்க, எண்ணிக்கிட்டே திருப்பி எழுதி வைங்க. எனக்கு ஆர் பக்கம் 22 கிளிக்ல சரியாச்சு.

சூடானா மட்டும் நிக்குது, ஆறினா ஓடுதுன்னா டைமிங்க தொடாதீங்க, கண்டன்சர், காயில் தான் மொதல்ல. சூட்டுல செல்ஃப் முக்கி முக்கி சுத்துதுன்னா அட்வான்ஸ். வேகத்துல மட்டும் மிஸ்ஸிங்னா பாயிண்ட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, இல்ல கேப் தப்பு.

வியாழக்கிழமை அதே புகை டெஸ்ட் கடைக்கு போனேன். வண்டிய பதினஞ்சு நிமிஷம் ஓட்டி நல்லா சூடாக்கிட்டு போங்க, சோக் உள்ள இருக்கான்னு பாருங்க, குளிர்ந்த இன்ஜின்ல நம்பர் எப்பவும் கூட தான் வரும். பாஸ். புது பாயிண்ட்டோட குதி முதல் சில நூறு கிமீல தேஞ்சு கேப் குறையும், அதனால 500 கிமீல மூடிய திறந்து மறுபடி 15 தௌ வெச்சு பல்பையும் ஒரு தடவை போட்டு பாத்தேன். 12 தௌ தான் இருந்துச்சு.